வாத்தியார் பக்கத்து பிரேக்

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் வேறு மாநிலம். ஓடுகிற ஆறு ஒன்றுதான், அடிக்கிற வெயிலும் ஒன்றுதான். ஆனால் கார் ஓட்டும் லைசென்ஸ் என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இந்தப் பக்கம் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து எல்லா வகுப்பையும் முடித்தால்தான் தேர்வுக்கே கூப்பிடுவார்கள். அந்தப் பக்கம் பள்ளி கட்டாயமில்லை. அப்பாவிடமோ அடுத்த வீட்டுக்காரரிடமோ கற்றுக்கொண்டு நேராக வந்து நிற்கலாம். இந்தப் பக்கம் எட்டுப் போட வேண்டும், ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் எட்டு கிடையாது. அதற்குப் பதில், கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "எதிர்ல சைக்கிள் வருது, வேகத்தைக் குறைக்கிறேன், பள்ளிக்கூடம் வருது, ஹாரன் அடிக்கலை" என்று விடாமல் பேச வேண்டும். ஓட்டுகிறார்களா, ரேடியோவில் வர்ணனை சொல்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும்.

இங்கே வாங்கிய லைசென்ஸோடு அந்தப் பக்கம் சொந்த வேலையாகப் போய்விட்டு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே குடிபோனாலோ, அங்கே ஒரு கம்பெனியின் வண்டியை எடுத்தாலோ போச்சு. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதி, மறுபடி ஓட்டிக் காட்டி, அவர்களுடைய லைசென்ஸை வாங்க வேண்டும்.

இந்த இரண்டு பக்கத்துச் சட்டங்களையும் கரைத்துக் குடித்தவர் பூனைக்கால். பாலத்தடியில் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். யார் என்ன சந்தேகம் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். "உனக்கு ரிவர்ஸ் வரலையா? அப்ப அந்தப் பக்கம் போயிடு. வாய் பேச வராதா? பேசாம இங்கேயே இரு" என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி கரையைக் காட்டுவார். "நடுப் பாலத்துல ஒரு கோடு போட்டிருக்கு பாரு, அதைத் தாண்டினா டிரைவர்கூட டிரைவர் இல்லைன்னு ஆயிடுவான்" என்பது அவருடைய நிரந்தர ஜோக். மாணவர்கள் அதற்கு முதல் வகுப்பில் சிரிப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அவர் வாய்விட்டுச் சொல்லாத வித்தியாசம் ஒன்றும் இருந்தது. பள்ளி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் வாத்தியார் மிதித்து நிறுத்துவதற்காக வைத்தது. இந்தப் பக்கம் தேர்வு நடப்பதும் அதே பள்ளி வண்டியில்தான். பாதுகாப்புக்காக வாத்தியார் முன் சீட்டில் கூடவே உட்காரலாம். மார்க் போடுகிற ஆய்வாளர் பின் சீட்டில் உட்காருவார். பின் சீட்டிலிருந்து பார்த்தால் வாத்தியாரின் தலை தெரியும், தோள் தெரியும், கால் தெரியாது. இதற்கு மேலும் நான் விளக்க வேண்டுமா என்ன? அந்தப் பக்கத்தில் இந்த வேலையே நடக்காது. அங்கே ஆபீஸ் வண்டியில், ஓட்டுகிறவரும் ஆய்வாளரும் மட்டும்தான். இரண்டாவது பிரேக் கிடையாது.

இந்தப் பக்கத்து வாத்தியார்கள் எல்லாருமே தேர்வன்று கொஞ்சம் கால் போடுகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் மிதித்தால் வண்டி குலுங்கும், பின்னாலிருந்து ஆய்வாளர் அர்த்தத்தோடு இருமுவார். நம் ஆள் மிதித்தால் ஒன்றுமே தெரியாது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும் அந்தக் கால். ஓட்டுகிறவருக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தான்தான் நிறுத்தினோம், தான்தான் மேட்டில் ஏற்றினோம் என்று நம்பிக்கொண்டு அவர் இறங்கிப் போவார். பூனைக்கால் என்று மற்ற வாத்தியார்கள் பெயர் வைத்தது அதனால்தான். பெயரைக் கேட்டு அவர் வருத்தப்படவில்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

கெட்ட எண்ணத்தில் ஆரம்பித்தது என்றும் சொல்ல முடியாது. ஒரு தையற்காரம்மா, பாவம், போன தடவையெல்லாம் பெயிலாகிப் பெயிலாகி, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே அழுகிற நிலைக்கு வந்திருந்தார். அன்றைக்கு மேட்டில் வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. பூனைக்கால் யோசிக்கவேயில்லை, கால் தானாக இறங்கிவிட்டது. அந்தம்மா பாஸ். வெளியே வந்து குழந்தை மாதிரி குதித்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் மனசு வரும்? அடுத்த தேர்விலும் கால் இறங்கியது, அதற்கடுத்ததிலும். "ரோட்ல ஓட்டி ஓட்டிப் பழகிக்குவாங்க. பேப்பர்ல பாஸாகணும், அவ்வளவுதானே" என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். பள்ளி முதலாளிக்கோ தலைகால் புரியவில்லை. "முதல் தடவையிலேயே லைசென்ஸ்!" என்று பாலத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிய போர்டு மாட்டினார்.

இதெல்லாம் ஊரார் விஷயம். வினை வீட்டுக்குள் வந்தது அவருடைய மனைவி கார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவர். அங்கே எல்லாருக்கும் அவர் ஊசியக்கா. கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறை. காலையில் போய் உட்கார்ந்தால் கை நீட்டுகிறவர்களின் வரிசை முடியவே முடியாது. வற்றிப்போன கிழவர்கள், வீறிட்டு அலறும் குழந்தைகள், ஊசியைக் கண்டாலே மயங்கிவிழும் மீசைக்காரர்கள் என்று எல்லாரும் அந்த நாற்காலிக்கு வந்துதான் ஆக வேண்டும். நரம்பு எங்கே ஒளிந்திருந்தாலும் ஊசியக்காவின் விரலுக்குத் தெரிந்துவிடும். "குத்தியாச்சா?" என்று கேட்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார். இந்தக் கைக்காரிக்குப் பள்ளிக்கூடம் மட்டும் கைகொடுக்கவில்லை. இறுதித் தேர்வில் கணக்கில் கோட்டைவிட்டார், மறுபடி எழுதியும் அதே கதை. ஆஸ்பத்திரியில் உதவியாளராக நுழைந்து, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். ஆக, பாஸ் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வாழ்க்கையில் ஒரு தேர்வும் இருக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் கத்துக்கொடுக்கிறீங்க. எனக்குக் கத்துக்கொடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டார் ஊசியக்கா. பூனைக்காலுக்கும் ஆசைதான். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி வண்டியை எடுத்தார். முதல் ஞாயிறு வண்டி நடுரோட்டில் நின்றுவிட, இவர் கத்த, அவர் கண் கலங்க, இருவரும் பேசிக்கொள்ளாமலேயே வீட்டுக்கு வந்தார்கள். இரண்டாவது ஞாயிறும் அதே ரகளை. மூன்றாவது ஞாயிறு பூனைக்கால் வாயை மூடிக்கொண்டு காலைப் போட்டார். ஆகா! வண்டி குலுங்கவில்லை, நிற்கவில்லை, சண்டையும் இல்லை. "பார்த்தீங்களா, திட்டாம இருந்தா எனக்கு வருது" என்று சிரித்தார் ஊசியக்கா. பெண்டாட்டி சிரித்த முகத்தோடு வீடு திரும்புகிற ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொள்ள எந்தப் புருஷனுக்கு மனசு வரும்?

தேர்வும் அப்படியே நடந்தது. எட்டில் கிளட்ச் அவருடையது. மேட்டில் பிரேக் அவருடையது. கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றதும் அவருடைய கால்தான். ஆய்வாளர் பின்னாலிருந்து, "நல்லா பண்ணீங்கம்மா" என்றார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ஊசியக்கா அதைக் கண்ணாடி பீரோவில், வெளியே தெரிகிற மாதிரி நிறுத்திவைத்தார். ஆஸ்பத்திரியில் சொல்லாத ஆளில்லை. கை நீட்டின நோயாளிகளிடம்கூட, "பயப்படாதீங்க. நான் முதல் தடவையிலேயே கார் லைசென்ஸ் வாங்கினவ. தைரியம்தான் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே குத்துவாராம்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் தனியாக ஒரு தெருவைக்கூட ஓட்டியதில்லை. வீட்டில் சொந்த வண்டி இல்லை. எங்காவது போக வேண்டுமென்றால் பூனைக்கால் பள்ளி வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். ஊசியக்கா சாவிக்குக் கை நீட்டினால், "கூட்டமா இருக்கும்மா, நானே ஓட்டிடறேன்" என்று தட்டிக்கழிப்பார். பயம்தான், வேறென்ன! வருஷங்கள் ஓடின. மகன் வளர்ந்து வெளியூரில் வேலைக்குப் போனான். லைசென்ஸ் பீரோவிலேயே இருந்தது.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பரிசோதனைக் கூடம் திறந்தார்கள். நடக்க முடியாதவர்களின் வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்துவர ஆள் வேண்டும், கம்பெனியே சின்னக் கார் கொடுக்கும். அதன் மேலாளர் தன் அப்பாவுக்கு ரத்தம் எடுக்க ஒருமுறை இந்தக் கீழ்த்தளத்துக்கு வந்து, ஊசியக்காவின் கையைப் பார்த்துவிட்டுப் போனவர். விண்ணப்பம்கூடக் கேட்கவில்லை, போனிலேயே கூப்பிட்டார். "நீங்கதான் வரணும். ஒரே ஒரு விஷயம், எங்க மாநில லைசென்ஸ் வேணும். எடுத்துட்டு வாங்க, சீட்டை வச்சிருக்கேன்" என்றார்.

ஊசியக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. "ஜன்னல் இல்லாத ரூம்ல எத்தனை வருஷம்ங்க! இனிமே ரோடு, மரம், வீடு வீடா மனுஷங்க. லைசென்ஸ்தானே? அதெல்லாம் நான் ஒரே தடவையில வாங்கினவளாச்சே!"

பூனைக்காலால் அந்தச் சந்தோஷத்தில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. இரண்டு பக்கத்துச் சட்டமும் தெரிந்தவர் அல்லவா? அந்தப் பக்கத்து வண்டியில் மனைவி பக்கத்தில் யார் இருப்பார், யார் இருக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியாதா?

"அந்தப் பக்கம் ரொம்பக் கஷ்டம்மா. பேசிக்கிட்டே வேற ஓட்டணும். இந்த வயசுல எதுக்கு இந்தத் தலைவலி?" என்று ஆழம் பார்த்தார்.

ஊசியக்காவின் முகம் மாறியது. "நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லை."

"பின்ன? நான் நல்லா ஓட்டுவேன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லுவீங்க? இப்ப மட்டும் ஏன் கஷ்டம்ங்கிறீங்க?"

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் அழுகை, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமை, அதோடு போயிருக்கும். அதற்குப் பிறகு நிதானமாகக் கற்றுக்கொள்ளக் காலமும் இருந்தது. மனுஷன் மென்று முழுங்கினார். "இல்லைம்மா, பழக்கம் விட்டுப்போயிருக்குமேன்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து ஓட்டிப் பார்ப்போம்" என்று பூசி மெழுகினார்.

இந்தத் தடவை காலைப் போடவே கூடாது என்று முடிவெடுத்துதான் வண்டியில் ஏறினார். தன் கால் மேல் தனக்கே நம்பிக்கையில்லாமல் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊசியக்கா திரும்பிப் பார்த்து, "என்னங்க, சாமியார் மாதிரி? தியானமா?" என்று சிரித்தார். இவரும் இளித்துவைத்தார். வண்டி நகர்ந்தது. நேர்ரோட்டில் ஒன்றும் ஆகவில்லை. சந்து முனையில் ஒரு காய்கறி வண்டி குறுக்கே வந்தது. ஊசியக்கா, "வண்டி வருது, நிறுத்தறேன்" என்று புதுச் சட்டப்படி அழகாகச் சொன்னார். சொன்னாரே தவிர, அவருடைய கால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தது. கூடை கூடையாகத் தக்காளி கண்ணுக்கு நேரே பெரிதாகிக்கொண்டே வந்தது. சம்மணம் எப்போது கலைந்தது என்று பூனைக்காலுக்கே தெரியாது. கால் இறங்கிவிட்டது, வண்டி மெத்தென்று நின்றது.

"எப்படி?" என்றார் ஊசியக்கா, புருவத்தை உயர்த்தி.

"அருமை" என்றார் பூனைக்கால்.

கேட்கிற எனக்கே அவரை ஓங்கி ஒரு அறை விடலாம்போல இருக்கிறது. அந்த மாதம் முழுக்க எல்லா ஞாயிறும் அருமையாகவே போயின. தேர்வு நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை. ஒருவேளை அன்றைக்கு மேடு இல்லாத பாதையாகக் கொடுப்பார்கள், ஒருவேளை இரக்கமுள்ள ஆய்வாளராக இருப்பார் என்று என்னென்னவோ கற்பனை. வாய் மட்டும் திறக்கவில்லை.

அந்தப் பக்கத்துத் தேர்வு மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. கூட வந்தவர்கள் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அத்தனை வருஷ அனுபவத்தில் பூனைக்கால் ஒரு தேர்வை வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. தன் மனைவி வண்டி ஓட்டுவதைப் பார்ப்பதும் அன்றுதான் முதல் தடவை, யோசித்துப் பார்த்தால்.

ஊசியக்கா இஸ்திரி போட்ட உடையில், முடியை இறுக்கி முடிந்துகொண்டு வண்டியில் ஏறினார். வேலிப் பக்கம் திரும்பிக் கையைக்கூட ஆட்டினார். வண்டி சீராகக் கிளம்பியது. நிறுத்தக் கோடு வந்தது. கண்ணாடிக்குள் அவருடைய உதடு அசைவது தெரிந்தது. வண்டி கோட்டைத் தாண்டியது. ஒரு வண்டி நீளம் தாண்டிய பிறகு குலுங்கி நின்றது. பூனைக்கால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது மேடு. பாதி ஏறி நிறுத்தி மறுபடி கிளம்ப வேண்டும். வண்டி நின்றது, முனகியது, பின்னால் வழுக்க ஆரம்பித்தது. உள்ளே ஆய்வாளரின் கை பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. அதற்குள் வண்டியின் பின்பக்கம் மோதி எல்லைக் கம்பம் சாய்ந்திருந்தது. பூனைக்காலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெளியே வந்த ஊசியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "வாயெல்லாம் சரியாத்தாங்க பேசினேன். கோடு வருது, நிறுத்தறேன்னு சொன்னேன். வண்டி நிக்கலை. நம்ம வண்டி மாதிரி இல்லைங்க அது. ஏதோ கோளாறு."

"ஆமாம்மா. ஆபீஸ் வண்டி, பழசு. பிரேக் பிடிச்சிருக்காது" என்றார் பூனைக்கால். இன்னொரு பொய். இந்தத் தடவை காலால் இல்லை, வாயால்.

மேலாளர் நல்ல மனிதர். இன்னொரு தடவை முயற்சி செய்யுங்கள், அதுவரை பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். இங்கேதான் ஊசியக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். அந்தப் பக்கத்து வண்டி பழக வேண்டும் என்று, ஆஸ்பத்திரியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, பாலத்தைத் தாண்டிப் போய் அங்கே ஒரு வாத்தியாரம்மாவிடம் ஒரு வகுப்புக்கு உட்கார்ந்தார். வாத்தியாரம்மாவின் வண்டி சாதாரண வண்டி, ஒரே ஒரு பிரேக். இரண்டு தெரு போயிருப்பார்கள். வாத்தியாரம்மா ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். சிடுசிடுக்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நீங்க அந்தக் கரையில கத்துக்கிட்டவங்களா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"அங்கேயிருந்து வர்றவங்க நிறையப் பேர் இப்படித்தான். பிரேக் மேல காலை வைக்கிறீங்க, அழுத்த மாட்டேங்கிறீங்க. வச்சா போதும், வண்டி தானா நின்னுடும்னு உங்க காலுக்கு நினைப்பு. உங்க வாத்தியார் காலை எடுக்கவே இல்லை போலிருக்கு. பாவம், உங்க மேல தப்பில்லை."

அன்று மத்தியானம் பூனைக்கால் பள்ளி முற்றத்தில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசியக்கா நேராக வந்தார். அவரிடம் ஒன்றும் பேசவில்லை. வாத்தியார் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு சுற்றி வந்து ஓட்டுகிறவர் பக்கத்தையும் பார்த்தார். வாத்தியார் பக்கத்து பிரேக்கில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. கற்றுக்கொள்கிறவர்கள் மிதிக்க வேண்டிய பிரேக்கில் வரிகள் அப்படியே இருந்தன.

"மேட்டுல வண்டியை நிறுத்தினது யாரு?" என்று கேட்டார்.

எந்த மேடு, எப்போது என்று பூனைக்கால் கேட்கவில்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தபடி, "நான்தான்" என்றார்.

"எட்டுப் போட்டப்போ?"

"கிளட்ச் மட்டும்... கொஞ்சம்."

"கோட்டுல நின்னது?"

அவர் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

"அப்ப நான் என்னதான் பண்ணினேன்? சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "ஊர் முழுக்கச் சொன்னேனே. ரத்தம் கொடுக்க வந்தவங்க கிட்டயெல்லாம் சொன்னேனே."

"நீ அழறதைப் பார்க்க முடியலைம்மா. அதுக்குத்தான்..."

"அழ விட்டிருக்கலாம்ல? பெயிலாகியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாவது நாள் திரும்ப வந்து உட்கார்ந்திருப்பேன். கத்துக்கிட்டிருப்பேன்ல? இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டிருக்க மாட்டேனா?"

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை. நான் முதல்ல இருந்து, சத்தியமா காலே போடாம..."

"வேணாங்க" என்றார் ஊசியக்கா. கதவைச் சாத்திவிட்டு நடந்து போனார்.

இரண்டாவது தேர்வுக்கு அவர் தனியாகத்தான் போனார். கோட்டில் நிறுத்தினார், மேட்டில் பெயிலானார். ஒரு வகுப்பில் எவ்வளவு வரும்? மேலாளர் போனில் வருத்தத்தோடு பேசினார். அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். "பரவாயில்லைங்க, நல்லா பார்த்துக்கச் சொல்லுங்க" என்று ஊசியக்கா மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பீரோவிலிருந்து லைசென்ஸ் காணாமல் போனது. எங்கே வைத்தாய் என்று கேட்கப் பூனைக்காலுக்குத் துணிச்சல் இல்லை. பள்ளியில் அந்த வாரம் தேர்வுக்குப் போன ஒருவனுக்கு அவர் காலே போடவில்லை. அவன் பெயில். முதலாளி கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பூனைக்கால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். யாருக்காக இந்த ஞானம், எப்போது வந்து என்ன பிரயோஜனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

வீட்டில் சண்டையில்லை. சாப்பாடு வரும், பேச்சும் வரும், "பால்காரர் வந்தாரா", "மழை வரும்போலிருக்கு" என்கிற அளவில். அதுவே பெரிது என்று அவர் இருந்தார். ஆனால் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய பழைய மாணவியான நர்ஸ் ஒருத்தி நிறுத்தினாள். "சார், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு மூணு பேருக்கு நரம்பு தவறிடுச்சு. அக்காவுக்கு இப்படி நான் பார்த்ததே இல்லை" என்றாள்.

பூனைக்கால் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனார். மத்தியான இடைவேளை, வரிசையில் யாருமில்லை. ஊசியக்கா தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவர் நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஊசியக்காதான் முதலில் பேசினார். "இங்கே பெரிய டாக்டர், உங்ககிட்ட கார் கத்துக்கிட்டவர்தானே?"

"ஆமா. ஏன்?"

"நான் இங்கே உதவியாளா சேர்ந்தப்போ, என்னை ஊசி பிடிக்க விடச் சொல்லி நீங்க அவர்கிட்ட ஏதாவது சொல்லி வச்சீங்களா?"

"ஐயோ, இல்லைம்மா."

"நோயாளிங்க வலிக்கலைன்னு சொல்றாங்களே, நிஜமாவே வலிக்கலையா? இல்லை, பாவம்னு சொல்றாங்களா? நேத்து ஒரு பெரியவர் கையைப் பிடிச்சப்போ இதுதான் மனசுல ஓடுச்சு. அதோட நரம்பு தெரியவே இல்லை."

அவர் எழுந்தே விட்டார். "இங்க பாரு. அந்தக் கார் விஷயம் நான் பண்ணின பாவம், ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கை உன்னோடது. இதுல நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கலை. எந்த டாக்டர்கிட்டயும் பேசலை. நீயா பார்த்தே, நீயா கத்துக்கிட்டே, நீயா குத்தினே. அந்த மேலாளர் இந்தக் கையைப் பார்த்துட்டுத்தானே தேடி வந்தாரு? இது முழுக்க முழுக்க நீதான்!"

அவர் வாழ்நாளில் மனைவியைப் பற்றிச் சொன்னதிலேயே அப்பழுக்கில்லாத உண்மை அதுதான்.

ஊசியக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்ப வேண்டும் என்கிற ஆசை அந்த முகத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

"இதையும் நீங்கதானே சொல்றீங்க" என்றார்.

மாடிப்படியில் யாரோ செருப்புச் சத்தத்தோடு இறங்கி வந்தார்கள். அந்த நாற்காலி ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கானது. பூனைக்கால் வழிவிட்டு நகர்ந்து, சுவரோரமாக நின்றுகொண்டார்.